வகுப்பறையில் தாராளம், வெளியே கவனம்: கல்லூரி ஆசிரியருக்கான பதிப்புரிமை வழிகாட்டி

புதிதாகக் கல்லூரியில் சேரும் உதவிப் பேராசிரியர் பதிப்புரிமை பற்றிப் பெரும்பாலும் இரண்டு விதமான பேச்சைத்தான் கேட்டிருப்பார். ‘படிப்புக்குத்தானே, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்பது ஒன்று. ‘பத்து சதவீதத்துக்கு மேல் நகல் எடுத்தால் வம்பு’ என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. பத்து சதவீதம் என்ற அளவு ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் சட்டத்தில் உண்டு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. ‘ஃபேர் யூஸ்’, அதாவது நியாயமான பயன்பாடு, என்று இணையத்தில் தேடினால் வருகிற நான்கு அளவுகோல்களும் அமெரிக்கச் சட்டத்தின் 107ஆம் பிரிவைச் சேர்ந்தவை. நம் ஊரில் வகுப்பெடுப்பவர் படிக்க வேண்டியது நம் சட்டத்தின் 52ஆம் பிரிவை. எந்தெந்தச் செயல் உரிமை மீறல் ஆகாது என்று அது வரிசையாகச் சொல்கிறது.

அந்தப் பிரிவைப் படித்தால் ஒன்று தெளிவாகும். நம் சட்டம் ஆசிரியரை நாம் நினைப்பதைவிட அதிகமாக நம்புகிறது. ஆனால் அந்த நம்பிக்கை கற்பித்தலுக்காகத் தரப்பட்டது. அதே பக்கங்கள் யூடியூபுக்கோ அச்சகத்துக்கோ போகும்போது நிலைமை மாறிவிடும். அதனால் ‘எவ்வளவு எடுக்கலாம்?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘இது எங்கே போகப்போகிறது?’ என்று ஆரம்பியுங்கள்.

முதல் படி: உரிமை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்

எழுத்துக்கான பதிப்புரிமை, எழுதியவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ண வேண்டும். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார், எனவே 2008 முடிவோடு காலம் முடிந்தது. கல்கி மறைந்தது 1954, அது 2014 முடிவோடு தீர்ந்தது. ஒளிப்படத்துக்கும் இதே கணக்குதான், எடுத்தவரின் ஆயுளும் அதன் பிறகு 60 ஆண்டுகளும். திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அரசு வெளியீடுகளுக்கும் அப்படித்தான்.

தமிழ் ஆசிரியர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து அவர்களுடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. பாரதியின் எழுத்துரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு 1949இல் வாங்கியதிலிருந்து தொடரும் வழக்கம் இது. 60 ஆண்டு முடியாத எழுத்தாளராக இருந்தாலும் நாட்டுடைமைப் பட்டியலில் இருந்தால் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இந்த நூல்களைப் பார்க்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் பழைய இலக்கியங்கள் ஏராளம்.

ஒரு நூலுக்குள் பல அடுக்குகள் இருப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. குறுந்தொகை யாருக்கும் சொந்தமில்லை. உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்ததால் அவர் எழுதிய உரையும் முன்னுரையும்கூட இன்று பொதுச்சொத்து. ஆனால் பத்தாண்டுக்கு முன் ஒருவர் எழுதிய குறுந்தொகை உரை அவருக்கே உரியது. மொழிபெயர்ப்புக்கும் இதே விதிதான். ஜி.யு.போப்பின் ஆங்கிலக் குறளைத் தாராளமாக எடுக்கலாம், சமகால மொழிபெயர்ப்பாளரின் குறளை அப்படி எடுக்க முடியாது. சட்டத்துறை ஆசிரியர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பின் மூல வாசகம் எல்லோருக்கும் பொது. ஆனால் சட்ட இதழ் தன் உழைப்பில் சேர்த்த தலைக்குறிப்பு, பத்திப் பிரிப்பு போன்றவற்றுக்கு உரிமை உண்டு என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்புறம், ‘பதிவு செய்யவில்லை, உரிமைக் குறியீடும் போடவில்லை, அதனால் உரிமை இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை. எழுதி முடித்த நொடியில் உரிமை பிறந்துவிடுகிறது. முகநூலில் ஒருவர் எழுதிய கவிதைக்கும் அது உண்டு.

இரண்டாம் படி: வகுப்புக்குள் என்னென்ன செய்யலாம்

உரிமை இருக்கும் நூல்தான் என்று தெரிந்துவிட்டது. சரி, வகுப்புக்கு அதை நகல் எடுக்கலாமா? எடுக்கலாம். பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் மறுபடி எடுப்பது மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு நேரடியாகச் சொல்கிறது. வினாத்தாளில் சேர்ப்பதற்கும் விடையில் எழுதுவதற்கும் இதே விலக்கு உண்டு.

‘பாடம் நடத்தும் போக்கு’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் ஒரு பெரிய வழக்கின் கேள்வியாக ஆனது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்ற நகலகம் இருந்தது. ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த பக்கங்களை நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு விரிவான விளக்கம் கொடுத்தது. பாடம் என்பது ஆசிரியர் வகுப்பில் பேசும் ஒரு மணி நேரம் மட்டுமல்ல, ஒரு பருவம் முழுதும் நடக்கும் கல்விச் செயல்பாடு எல்லாம் அதில் சேரும் என்றது. நகலைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் விலக்கு போய்விடாது என்றது. எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குச் சதவீதம் வைக்கவில்லை. கற்பித்தலின் நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பதே அளவு. தில்லி வழக்கில் எடுத்த பக்கங்கள் அப்படித் தேவையானவைதானா என்று விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. நகல் உரிமைக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது, அங்கே அதன் மனு தள்ளுபடி ஆனது.

ஐயாயிரம் ரூபாய்க்கு விற்கும் வெளிநாட்டு நூலில் இரண்டு அத்தியாயம் மட்டும் வேண்டும் என்ற நிலையில் இருக்கும் மாணவருக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது வகுப்பெடுப்பவர்களுக்குத் தெரியும். அந்த உரிமையைப் பயந்து விட்டுக்கொடுக்க வேண்டாம். கண்மூடித்தனமாகவும் பயன்படுத்த வேண்டாம்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். பாடத்திட்டத்தின் எந்த அலகுக்கு எந்தப் பக்கங்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேவை இருந்தது என்பதற்கு அதுவே சான்று. நகல் தொகுப்பின் ஒவ்வொரு பகுதியிலும் நூல், ஆசிரியர், பதிப்பகம், பக்க எண் போடுங்கள். அந்தப் பாடம் எடுத்த மாணவர்களுக்கு மட்டும் கொடுங்கள். முழு நூலையும் நகலெடுக்க நினைத்தால் ஒரு முறை யோசியுங்கள். கடையில் கிடைக்கும் பாடநூலை அட்டை முதல் அட்டைவரை எடுத்துவிட்டு ‘கற்பித்தலுக்குத் தேவை’ என்று வாதிடுவது கடினம். அதுவும் நூறு ரூபாய்க்குச் சிறுபதிப்பகம் போட்ட தமிழ் நூல் என்றால் மாணவர்களை வாங்கச் சொல்வதுதான் முறை. முந்நூறு படி அச்சடித்துவிட்டு விற்பனைக்குக் காத்திருக்கும் பதிப்பாளர் அவர்.

வகுப்பில் திரைப்படம் காட்டலாம், பாடல் ஒலிக்கவிடலாம். பார்ப்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், கல்லூரிப் பணிகளோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஊருக்கே அழைப்பு வைத்தால் இந்த விலக்கு உதவாது. ஓடிடி சந்தாவில் காட்டுவதாக இருந்தால் அந்த நிறுவனத்தின் நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். அது சட்டத்தோடு சேராத தனி ஒப்பந்தம்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் உங்கள் வகுப்பில் இருந்தால் ஒரு நிமிடமும் தயங்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில், ஒலியாகவோ பிரெயிலாகவோ திரைவாசிப்பான் படிக்கும் கோப்பாகவோ நூலை மாற்றிக் கொடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்ற நாடு இந்தியா.

மூன்றாம் படி: இணையத்தில் ஏற்றும் முன்

கூகுள் கிளாஸ்ரூமிலோ கல்லூரியின் மூடிய தளத்திலோ உங்கள் மாணவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தால், அதை வகுப்பின் நீட்சி என்று நியாயமாகச் சொல்லலாம். அதே பிடிஎஃப்பைப் பொதுத் தளத்திலோ ஆயிரம் பேர் இருக்கும் டெலிகிராம் குழுவிலோ போட்டால் அது விநியோகம். அங்கே ‘நான் ஆசிரியர்’ என்ற பதில் நிற்காது.

யூடியூபில் பாடம் போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். திரைப்படக் காட்சியையோ பாடலையோ கண்டுபிடிக்கும் அதன் தானியங்கி முறைக்கு நம் ஊர் 52ஆம் பிரிவு தெரியாது. விமர்சனத்துக்காக முப்பது விநாடி காட்டியதற்கும் உரிமைகோரல் வரலாம். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் மறுப்பு எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் தேர்வுக்கு முந்தைய வாரம் காணொளி முடங்கிப்போவதைவிட, விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு கிடைக்கும் படங்களை முதலிலேயே தேடுவது நிம்மதி. அந்த உரிமங்களையும் படித்துத்தான் எடுக்க வேண்டும். பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு வகை. வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்பவை வேறு வகைகள். மாற்றக் கூடாது என்ற உரிமம் உள்ள படத்தில் தமிழில் பெயரிட்டு வெளியிடுவதுகூட மாற்றம்தான்.

நூலகத்தின் சந்தா இதழ்களை இனிமேல் எல்லா அரசுக் கல்லூரி ஆசிரியர்களும் பயன்படுத்தக் கற்க வேண்டும். ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இன்ஃப்லிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு வழியாக மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. மாணவர்களுக்குக் கட்டுரையின் பிடிஎஃப்பை அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள். இணைப்பு கொடுப்பது நகல் எடுப்பது ஆகாது, நூலகத்தின் பயன்பாட்டுக் கணக்கிலும் அது ஏறும். ஒரே இரவில் ஓர் இதழின் எல்லாக் கட்டுரைகளையும் மென்பொருள் வைத்து இறக்காதீர்கள். பதிப்பகம் கல்லூரியின் இணைய முகவரியையே முடக்கிவிடலாம், பாதிப்பு எல்லோருக்கும்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆய்வு, சொந்தப் பயன்பாடு ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டு விதி கணினி மென்பொருளை வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் போன்ற புள்ளியியல் மென்பொருளின் பூட்டுடைத்த படிக்கு அதில் இடமில்லை. அதே வேலைக்கு உதவும் ஆர், ஜமோவி, பிஎஸ்பிபி மூன்றும் இலவசம்.

நான்காம் படி: ஆய்வில் எடுத்தாள்வது

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். கருத்துத் திருட்டு வேறு, பதிப்புரிமை மீறல் வேறு. யுஜிசியின் 2018 விதிமுறைகள் ஒற்றுமை பத்து சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை என்றும், 40, 60 என்று ஏற ஏற நடவடிக்கை கடுமையாகும் என்றும் சொல்கின்றன. அது நேர்மை பற்றிய விதி. ஒருவரின் வரைபடத்தை முழுதாக எடுத்து அடிக்குறிப்பில் பெயர் போட்டால் கருத்துத் திருட்டு இல்லை, ஆனால் வெளியிட அனுமதி தேவைப்படலாம். பாரதியின் வரியைப் பெயர் சொல்லாமல் எழுதினால் பதிப்புரிமை மீறல் இல்லை, கருத்துத் திருட்டுதான். பத்து சதவீதப் பேச்சு ஊருக்குள் பரவியதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

ஆய்வுக்காகவோ விமர்சனத்துக்காகவோ மேற்கோள் காட்டுவது 52ஆம் பிரிவின் பாதுகாப்பில் வரும். ஒரு சிறுகதையை ஆராய்பவர் அதிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் பேசலாம். பேசாமல் பத்திகளை மட்டும் அடுக்கினால் அது விமர்சனம் ஆகாது. தரவுக்கும் உண்மைக்கும் உரிமை கிடையாது. ஒரு கட்டுரையின் அட்டவணையில் உள்ள எண்களை வைத்து நீங்களே வேறு வடிவில் வரைபடம் போடலாம், மூலத்தைச் சொன்னால் போதும். அவர்கள் வரைந்த படத்தையே வெட்டி ஒட்டுவதாக இருந்தால் பதிப்பகத்திடம் கேட்க வேண்டும். பெரிய பதிப்பகங்களின் கட்டுரைப் பக்கத்திலேயே அனுமதி கேட்கும் பொத்தான் இருக்கும். ஆய்வேட்டுக்கு என்றால் பெரும்பாலும் கட்டணமின்றி உடனே கிடைக்கும். ‘ஆய்வேடு அலமாரியில்தானே தூங்கப்போகிறது’ என்று இன்று நினைக்க முடியாது. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறியதும் அது உலகம் முழுக்கப் படிக்கக் கிடைக்கும்.

கல்வியியல், உளவியல், செவிலியம், சமூகப்பணித் துறையினர் தவறாமல் பார்க்க வேண்டியது அளவுகோல்கள் பற்றிய இந்தப் பகுதியை. வினாநிரல் என்பதும் ஒரு படைப்பு. பெக் மனச்சோர்வு அளவுகோலைப் பியர்சன் நிறுவனம் விலைக்குத்தான் தருகிறது. பிஎச்கியூ-9 யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். இரண்டும் மனச்சோர்வை அளப்பவை, உரிமை நிலை மட்டும் வேறு. ஆகவே எந்த அளவுகோலையும் ஆய்வுத் திட்டத்தில் எழுதும் முன்பே உரிமையாளர் யார் என்று பாருங்கள். தமிழாக்கம் செய்வதற்குத் தனி அனுமதி வேண்டும், ஏனென்றால் மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருடையது. தரவு சேகரித்து முடித்துவிட்டு, இதழ் ஆசிரியர் அனுமதிக் கடிதம் கேட்கும்போது தேடுவது ஆய்வு மாணவருக்குப் பெரும் துன்பம். நெறியாளர் முதல் ஆண்டிலேயே கேட்டு வாங்கச் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: அச்சுக்குப் போகும்போது

தன்னாட்சிக் கல்லூரிகள் பொதுத்தமிழுக்குத் தாங்களே செய்யுள் திரட்டும் சிறுகதைத் தொகுப்பும் அச்சிடுகின்றன. இது வகுப்பு நகல் இல்லை, வெளியீடு. இதற்குச் சட்டம் தரும் இடம் சிறியது. தொகுப்பின் பெரும்பகுதி உரிமை இல்லாத படைப்புகளாக இருக்க வேண்டும். கற்பித்தலுக்கானது என்று தலைப்பிலேயே தெரிய வேண்டும். எடுப்பது சிறு பகுதியாக இருக்க வேண்டும். ஒரே ஆசிரியரின் படைப்புகளிலிருந்து ஐந்தாண்டுக்குள் ஒரே பதிப்பாளர் இரண்டு பகுதிக்கு மேல் வெளியிடக் கூடாது. முழுச் சிறுகதையும் முழுக் கவிதையும் ‘சிறு பகுதி’ என்று நான் கருத மாட்டேன். உயிரோடு இருக்கும் எழுத்தாளரிடம் கேளுங்கள், ஒரு தொகை கொடுங்கள், அச்சானதும் படிகள் அனுப்புங்கள். தன் கவிதை பாடமாக இருப்பதை ஒரு கவிஞர் முன்பின் தெரியாத மாணவரின் தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்ளும்படி விடுவது தமிழ்த்துறைக்கு அழகல்ல.

கருத்தரங்கத் தொகுப்புகளிலும் இதே சிக்கல்தான். கட்டுரையை அனுப்பியதாலேயே அதன் உரிமை கல்லூரிக்குப் போய்விடாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு. தொகுப்பாசிரியர் ஒரு பக்கப் படிவம் வாங்கிவிட்டால் பிற்பாடு யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. உரிமை முழுவதையும் எழுதி வாங்க வேண்டாம், ‘இந்தத் தொகுப்பில் வெளியிட அனுமதிக்கிறேன்’ என்றாலே போதும்.

உங்கள் சொந்த நூலைப் பதிப்பகத்துக்குக் கொடுக்கும்போது அதே பிரிவு உங்களைக் காக்கும். ஒப்பந்தத்தில் காலம் சொல்லவில்லை என்றால் ஐந்தாண்டு என்றுதான் பொருள். எல்லை சொல்லவில்லை என்றால் இந்தியா மட்டும். எனவே காலம், எல்லை, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, ராயல்டி ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ஆய்விதழ்கள் கட்டுரையை ஏற்றதும் உரிமை மாற்றப் படிவம் அனுப்பும். மகிழ்ச்சியில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மதிப்பாய்வு முடிந்த, இதழ் வடிவமைக்காத உங்கள் கைப்பிரதியைக் கல்லூரித் தளத்தில் வைக்க எப்போது அனுமதி என்று அதில் இருக்கும். அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள், இதழ் அச்சிட்ட பிடிஎஃப்பை ஏற்ற அனுமதி இல்லாதபோதும் அதை ஏற்ற வாய்ப்பு உண்டு. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் ‘இது என் எழுத்து’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். மாணவரின் ஆய்வேட்டுக்கும் இது பொருந்தும் என்பதை நெறியாளர்கள் மறக்கக் கூடாது. எழுதியவர் மாணவர், உரிமையும் அவருடையது.

பணியில் இருக்கும்போது நீங்கள் உருவாக்கும் காணொளிப் பாடங்கள் யாருடையவை? வேலை ஒப்பந்தத்தின் கீழ் செய்தவற்றுக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்பது 17ஆம் பிரிவு. கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையைப் பணியில் சேரும்போதே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அனுமதி கேட்கும் கடிதம்

பலர் கேட்காமல் விடுவதற்குக் காரணம் எப்படிக் கேட்பது என்று தெரியாததுதான். ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், எந்த நூலின் எந்தப் பக்கங்கள், எதற்காக, எத்தனை படிகள், அச்சா மின்வடிவமா இரண்டுமா, விலை உண்டா, எவ்வளவு காலம், மூலத்தை எப்படிக் குறிப்பிடுவீர்கள் என்பவை இருக்கட்டும். வெளிநாட்டு நூல் என்றால் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தமிழ் நூல்களில் உரிமைப் பக்கத்தைப் பாருங்கள், பல நேரம் ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று இருக்கும். அப்போது எழுத்தாளரையோ அவர் குடும்பத்தாரையோதான் கேட்க வேண்டும், பதிப்பாளர் முகவரி தந்து உதவுவார். தொலைபேசியில் ‘தாராளமா எடுத்துக்குங்க’ என்று சொன்னாலும் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலில் ‘சம்மதம்’ என்று ஒரு வார்த்தை வாங்கி வையுங்கள்.

பதில் வர ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகலாம். கல்வியாண்டு தொடங்கும் முன்பே கேளுங்கள். பதிலே வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அச்சு நூலில் அந்தப் பகுதிக்குப் பதிலாக உரிமை முடிந்த வேறொன்றைப் போடுங்கள். கேட்ட பகுதியை வகுப்பில் நகலாகக் கொடுத்து நடத்துங்கள், அதற்கு உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.